நோயும் கேடயமும்: நீரிழிவின் வரலாற்றில் மனித மனம்

நோய்களின் வரலாறு என்றவுடன் மருந்துகளின் வரலாற்றையே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். எந்த ஆண்டில் எந்த மருந்து கிடைத்தது, அதனைக் கண்டறிந்த அறிஞர் யார், அதனால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பனவே ஏடுகளில் பதிவாகின்றன. ஆனால், ஒவ்வொரு நோய்க்கும் இன்னொரு வரலாறும் உண்டு. அந்நோயைச் சுமந்த மனிதர் தம் உள்ளம் உடைந்து போகாமல் எவ்வாறு காத்துக்கொண்டனர் என்னும் வரலாறு அது. அதனை எழுதுவோர் குறைவு.

நீரிழிவு என்றும், சர்க்கரை வியாதி என்றும், தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் சீனி வியாதி என்றும் வழங்கப்பெறும் நோய்க்கு இந்த இரண்டாவது வரலாறு மிகவும் பொருந்தும். ஏனெனில் இந்நோயின் இயல்பே வேறு. முற்றும் வரையில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றை நோயென்று நம்ப மனம் எளிதில் இசைவதில்லை. மேலும், இதற்கான மருத்துவத்தில் பெரும் பகுதியை மருத்துவர் செய்வதில்லை. நோயாளியே நாள்தோறும், வேளைதோறும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஒரு தேர்வாகிறது. அத்தேர்வில் தோற்றால் குற்றம் தன்மீதே விழும் என்ற அச்சமும் உடன் வருகிறது. இத்தகைய நோய்க்கு ஆளானவர் தம் மனத்தைச் சுற்றி ஒரு கேடயத்தை எழுப்பிக்கொள்வதில் வியப்பென்ன இருக்கிறது?

அந்தக் கேடயம் எப்போது உயிரைக் காத்தது, எப்போது உயிருக்கே உலை வைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏடுகளில்

சிறுநீர் தேன்போல் இனித்தலை நம் நாட்டுப் பழைய மருத்துவ நூல்கள் மதுமேகம் என்ற பெயராலேயே குறித்தன. மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இந்நோயின் அடையாளங்களையும், அது முற்றிய நிலையில் உடல் உறுப்புகளுக்கு நேரும் கேடுகளையும் எழுதிவைத்தார். உடலின் நோயும் உள்ளத்தின் நிலையும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்னும் கருத்து அக்கால அறிஞர்களுக்குப் புதியதன்று.

இவ்வகையில் நாம் நினைவுகூர வேண்டிய மற்றொருவர், பல்க் நகரத்து அறிஞரான அபூ ஸைத் அல்பல்கீ. கி.பி. 934இல் மறைந்த இப்பெரியார், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக அமைத்து, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை யாத்தார். அது நீரிழிவைப் பற்றிய நூலன்று. ஆயினும், கோபம், துயரம், அச்சம், அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றை மருத்துவத்துக்குரிய பொருள்களாகவே அது கொண்டது. எதிர்பாராத நோய்க்கென வீட்டில் மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, எதிர்பாராத துயரத்துக்கென நல்ல எண்ணங்களை முன்கூட்டியே மனத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கூறிய அறிவுரை. துயருற்றவனைப் பழிக்காமல், அவனுக்கு மருந்து தேடும் பார்வை அது. பின்வந்த நூற்றாண்டுகள் இந்தப் பார்வையைப் பல முறை மறந்தன என்பதை இனிக் காண்போம்.

இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1674ஆம் ஆண்டில் நீரிழிவாளரின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். நீண்ட நாள் துயரம் இந்நோயை உண்டாக்கும் என்றும் அவர் கருதினார். துயரம் நோயைத் தருமா, நோய் துயரத்தைத் தருமா என்ற வினா அன்று தொட்டே தொடர்கிறது.

பட்டினியே மருந்தான காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம் பருவத்தில் நீரிழிவு கண்டவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழ்வு. அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் ஒரு கடுமையான வழியைக் கண்டார். உடலால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியவில்லையானால், உணவையே குறைத்துவிடுவது என்பது அவ்வழி. சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை பட்டினி. பின்னர் உயிர் தங்குமளவு மட்டுமே உணவு. இதனால் நோயாளிகள் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால், எலும்பும் தோலுமாக வாழ்ந்தனர் என்பதும் உண்மை.

ஆலனின் நோயாளிகளுள் பார்வையிழந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் உணவு முழுவதும் அளந்தே தரப்பட்டது. இருந்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை தோன்றிக்கொண்டே இருந்தது. எதையும் தின்னவில்லை என்று சிறுவன் திரும்பத் திரும்ப மறுத்தான். இறுதியில் உண்மை வெளிப்பட்டது. பல் துலக்கும் பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தையும் அவன் தின்றிருந்தான். அச்சிறுவன் பிழைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் எவர் நெஞ்சும் கரையும். அவன் சொன்னது பொய்தான். ஆனால், அந்தப் பொய் எங்கிருந்து பிறந்தது? பசியிலிருந்து பிறந்தது, அகப்பட்டால் தண்டனை என்னும் அச்சத்திலிருந்து பிறந்தது. மருத்துவன் காவலனாகவும் நோயாளி கைதியாகவும் ஆகிவிட்ட இடத்தில் மறைத்தல் ஒன்றே கைதிக்கு எஞ்சிய உரிமை. நீரிழிவாளர்கள் பொய் சொல்பவர்கள் என்னும் பழிச்சொல்லின் வேர் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

எலிசபெத்தின் இரு வாழ்க்கைகள்

ஆலனிடம் மருத்துவம் பெற்றவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர் எலிசபெத் ஹியூஸ். 1907இல் பிறந்த இவர், நியூயார்க் மாநில ஆளுநராகவும் 1916இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராகவும் இருந்த சார்லஸ் இவான்ஸ் ஹியூஸின் மகள். 1919இல், பதினொரு வயதில் இவருக்கு நீரிழிவு கண்டது. நாளொன்றுக்குப் பெரும்பாலும் 400 முதல் 800 கலோரி வரையிலான உணவிலேயே மூன்று ஆண்டுகளை அவர் கடத்தினார். 1922 ஆகஸ்டில், பதினைந்து வயது நிறையும் தறுவாயில், அவர் எடை 45 பவுண்டு மட்டுமே.

இந்த நிலையிலும் அச்சிறுமி தாய்க்கு எழுதிய கடிதங்களில் புலம்பல் மிகக் குறைவு. படித்த நூல்களைப் பற்றி எழுதினார். பார்த்த பறவைகளைப் பற்றி எழுதினார். வளர்ந்தபின் செய்யப்போவன பற்றித் திட்டமிட்டார். ஒரு பிறந்த நாளில் உண்ணும் கேக்குக்குப் பதிலாக, தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டியை வண்ணத் தாளால் அலங்கரித்து மெழுகுவத்திகளை ஏற்றிக் கொண்டாடினார்கள். மரணம் வாசலில் நிற்கையில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது அறியாமையா? அன்று. வேறெந்த மருந்தும் இல்லாத காலத்தில் அந்த எதிர்கால நினைவே அவருக்கு மருந்தாக இருந்தது.

அப்போதுதான் கனடா நாட்டு டொரொண்டோ நகரிலிருந்து நற்செய்தி வந்தது. பான்ட்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் முயற்சியால் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது. அம்மாதம் 23ஆம் நாள் தூய்மைப்படுத்திய மருந்தை ஏற்றியபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆகஸ்டு மாதம் எலிசபெத்தும் டொரொண்டோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சில மாதங்களுக்குள் உடல் தேறி வீடு திரும்பினார்.

அதன் பின்னர் நடந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. எலிசபெத் கல்லூரியில் பயின்றார், 1930இல் மணம் புரிந்து மூன்று மக்களுக்குத் தாயானார், பொதுப்பணிகளில் ஈடுபட்டார். ஆனால், தமக்கு நீரிழிவு உண்டென்பதை மிகச் சிலரே அறியும்படி வாழ்ந்தார். நோயைப் பற்றிய ஆவணங்களில் பெரும்பாலானவற்றை அழித்தார். தந்தையின் ஆவணங்களிலிருந்தும் தம் நோயைப் பற்றிய குறிப்புகளை நீக்கச் செய்தார். இன்சுலின் வரலாற்றை ஆராய்ந்த மைக்கேல் பிளிஸ் 1980இல் தேடிக் கண்டபோது, அந்தப் பழைய நோயாளி இன்னும் உயிருடன் இருப்பது அவருக்கே வியப்பாக இருந்தது. 1981இல் எலிசபெத் மறைந்தார். 58 ஆண்டுகளில் அவர் ஏற்றிக்கொண்ட இன்சுலின் ஊசிகள் ஏறத்தாழ 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஊன்றிப் பார்க்க வேண்டும். உலகத்திடமிருந்து நோயை மறைத்த அந்த அம்மையார் தம்மிடமிருந்து அதனை ஒருநாளும் மறைக்கவில்லை. வெளியே மறைப்பு, உள்ளே முறை தவறாத ஒழுங்கு. மறைப்பிலும் இரு வகை உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. பிறரிடம் மறைத்தல் ஒன்று. தனக்குத் தானே மறைத்தல் மற்றொன்று. முதலாவது தனிமையைத் தருகிறது. இரண்டாவது உயிரையே பறிக்கிறது.

கேடயத்துக்குப் பெயர் வந்தது

மனம் தாங்கவொண்ணாத உண்மையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைத் தற்காப்பு முறைகள் என்ற பெயரில் முதலில் ஆராய்ந்தவர் சிக்மண்ட் பிராய்ட். அவருடைய மகளான அன்னா பிராய்ட் 1936இல் வெளியிட்ட நூலில் அவற்றைத் தொகுத்து விளக்கினார். அம்முறைகள் நீரிழிவாளர் இல்லங்களில் எவ்வாறு தோன்றும் என்பதை நாம் நன்கறிவோம்.

‘எனக்கு ஒன்றுமில்லை; சோதனைச் சாலையில் தவறாக எழுதிவிட்டார்கள்’ என்பது மறுப்பு. ‘எங்கள் வாப்பா எண்பது வயது வரை இனிப்புத் தின்றுதான் வாழ்ந்தார்’ என்பது காரணம் கற்பித்தல். ‘நீங்கள் சமைத்துப் போடுவதால்தான் எனக்குக் கூடுகிறது’ என்று மனைவியைச் சாடுவது, குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுதல். மருத்துவர்மீது எழுந்த சினத்தை வீட்டுப் பிள்ளைகள்மீது காட்டுவது இடம் மாற்றுதல். இவற்றை எவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. சூடு பட்டால் கை தானே பின்வாங்குவதுபோல, உண்மை சுடும்போது மனம் தானே பின்வாங்குகிறது.

நோயை அறிந்த முதல் நாள்களில் இந்தப் பின்வாங்கல் ஓரளவு நன்மையும் செய்யும். பேரிடி தாக்கிய மனத்துக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. வாரங்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டுகளான பிறகும் அது நீடித்தால்தான் கேடு.

பழி சுமத்திய ஆய்வுகள்

துயருற்றவனைப் பழிக்காத அல்பல்கீயின் பார்வையை மருத்துவ உலகம் மீண்டும் மறந்தது 1930களில். அமெரிக்காவில் வில்லியம் மென்னிங்கர் 1935இல் நீரிழிவுக்கான உளக் காரணங்களைப் பற்றி எழுதினார். அதனை அடுத்து, நீரிழிவாளர்களுக்கென்று தனியொரு குணவியல்பு உண்டு என்ற கருத்து சில காலம் பரவியது. பிறரைச் சார்ந்து நிற்பவர்கள், முடிவெடுக்க இயலாதவர்கள், மனப்போராட்டம் மிகுந்தவர்கள் என்றெல்லாம் அவர்களுக்கு அடைமொழிகள் சூட்டப்பட்டன. பிற்கால ஆய்வுகளில் அத்தகைய தனிக் குணவியல்பு எதுவும் உறுதிப்படவில்லை.

கருத்து மறைந்தாலும் அதன் நிழல் மறையவில்லை. உன் நோய்க்கு உன் மனமே காரணம் என்று சொல்லப்பட்ட நோயாளி, அடுத்த முறை மருத்துவரிடம் மனத்தைத் திறப்பாரா? பழி எங்கே விழுகிறதோ, அங்கே கேடயம் தடிக்கிறது.

நோயைப் பிறர்நலமாக மாற்றியவர்கள்

கேடயத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களையும் வரலாறு காட்டுகிறது. ராபின் லாரன்ஸ் இளம் மருத்துவர். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தவர். 1920இல் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. வாழ்நாள் குறைவு என்பதை மருத்துவரான அவர் அறிவார். குடும்பத்தார் கண்ணெதிரே சாக விரும்பாமல் இத்தாலியின் புளோரென்ஸ் நகருக்குச் சென்று வாழ்ந்தார். அதுவும் ஒருவகை ஒதுங்கலே. 1923 மே மாதம், இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து நண்பர் ஹாரிசன் அனுப்பிய செய்தி எட்டியது: இன்சுலின் கிடைத்துவிட்டது, விரைந்து வருக என்பதே அதன் சாரம். தளர்ந்த உடலோடு காரை ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து இலண்டன் சேர்ந்தார். மே 31ஆம் நாள் முதல் ஊசி ஏற்றப்பட்டது. அதன் பின்னர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்.

சாவதற்கென்று ஒதுங்கிச் சென்றவர் திரும்பி வந்து நீரிழிவு மருத்துவரானார். நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஒருசேரப் பயன்படும்படி 1925இல் நூல் எழுதினார். அவரிடம் மருத்துவம் பெற்றவர்களுள் ஒருவர் புகழ்மிக்க நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். இருவரும் சேர்ந்து 1934இல் இங்கிலாந்தில் நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினர். அதற்காக வெல்ஸ் தாமும் ஒரு நீரிழிவாளர் என்பதை ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளிப்படையாகவே எழுதினார். கடல் கடந்து எலிசபெத் நோயை மறைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலண்டனில் வெல்ஸ் அதனை ஊரறியச் சொன்னார். 1950இல் உலக நீரிழிவுச் சம்மேளனம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் லாரன்ஸ்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷாங்காய் நகரில் ஏதிலியாக வாழ்ந்த ஈவா சாக்ஸ்ல் என்ற இளம்பெண்ணின் வரலாறும் இத்தகையதே. பிராகா நகரிலிருந்து கணவருடன் தப்பி வந்த அவருக்கு ஷாங்காயில் நீரிழிவு கண்டது. போரினால் இன்சுலின் கிடைப்பது அரிதானபோது, கணவனும் மனைவியும் ஒரு மருத்துவ நூலைத் துணைக்கொண்டு, நீரெருமைக் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் தயாரித்தனர். அதனால் தாம் பிழைத்ததோடு நில்லாமல், அங்கிருந்த நூற்றுக்கணக்கான நீரிழிவாளர்களுக்கும் உதவினர்.

இவர்களுக்கு அச்சம் இல்லாமலில்லை. அச்சத்தை வேலையாக மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க உளவியல் மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், 1977இல் வெளியிட்ட நூலில், மனத் தற்காப்பு முறைகளைப் பக்குவமற்றவை, பக்குவமானவை எனப் படிநிலையாக வகுத்தார். மறுப்பும் பிறர்மேல் ஏற்றுதலும் கீழ்ப்படியில் நின்றன. நகைச்சுவை, வருவதை முன்னுணர்ந்து ஆயத்தமாதல், பிறர்நலம் பேணுதல் ஆகியவை மேற்படியில் நின்றன. கேடயத்தைக் கீழே எறியுமாறு அவர் கூறவில்லை. நல்ல கேடயமாக மாற்றிக்கொள்ள முடியும் என்றே காட்டினார்.

குறிப்பேடு சொன்ன பொய்

வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும் கருவி பரவிய காலத்தில் புதியதொரு செய்தி வெளிப்பட்டது. நோயாளிகள் தாம் பார்த்த அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது வழக்கம். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், அளவுகளைத் தன்னுள்ளேயே பதிந்துகொள்ளும் கருவிகள் நோயாளிகளுக்குத் தரப்பட்டன. கருவிக்கு நினைவாற்றல் உண்டென்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. குறிப்பேட்டையும் கருவியையும் ஒப்பிட்டபோது பல இடங்களில் இரண்டும் பொருந்தவில்லை. பார்க்காத அளவுகள் எழுதப்பட்டிருந்தன. உயர்ந்த அளவுகள் விடுபட்டிருந்தன.

பறவைத் தானியம் தின்ற சிறுவனின் கதைதான் இது. காலமும் கருவியும் மாறியிருந்தன, அச்சம் மாறவில்லை. மருத்துவரின் மேசையில் ஏட்டை வைக்கும்போது, நோயாளிக்கு அது பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையாகவே தோன்றியது.

இதற்குள் அறிவியல் மற்றொரு வாயிலையும் திறந்திருந்தது. தெஹ்ரானில் பணியாற்றிய சாமுவேல் ரஹ்பர், நீரிழிவாளர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் மாறுபட்டிருப்பதை 1968இல் கண்டார். அதன் வழியே வளர்ந்த சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியையே காட்டிவிடுகிறது. சோதனைக்கு முன் மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டுப் போகும் பழைய உபாயம் அதனிடம் செல்லாது. அதே வேளையில் உண்மையின் விலையும் தெளிவாயிற்று. 1,441 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 1993இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க, கனடா ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இன்சுலின் இல்லாத நாளில் மறுப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இன்றோ மறுப்பின் விலை கண்ணாகவும், சிறுநீரகமாகவும், காலாகவும் இருக்கிறது.

எனவே மருத்துவர்களும் கேள்வியை மாற்றத் தொடங்கினர். 1995இல் வில்லியம் பொலான்ஸ்கியும் அவர்தம் துணைவர்களும் 20 வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை வெளியிட்டனர். என்ன தின்றீர் என்பது அதன் வினா அன்று. இந்நோயோடு வாழ்வதில் எது உம்மை அழுத்துகிறது, எதிர்காலத்தை எண்ணி அஞ்சுகிறீரா, முறை தவறும்போது குற்ற உணர்வு எழுகிறதா, தனிமையாக உணர்கிறீரா என்பன போன்றவை அதன் வினாக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் பல்க் நகரத்து அறிஞர் துயரத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார் அல்லவா? அவ்வழிக்கே உலகம் சுற்றி வந்து சேர்ந்தது.

நம் இல்லங்களில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவாளர் தொகை 10 கோடியைக் கடந்துவிட்டதாக மதிப்பிட்டது. நம்மில் நோயாளி இல்லாத குடும்பம் அரிதாகிவிட்டது.

நம் விருந்தோம்பல் உலகறிந்தது. நிக்காஹ் விருந்தில் நெய்ச்சோறும், பெருநாளில் வட்டலப்பமும் மறுப்பவரை ஒரு மாதிரியாகவே பார்க்கிறோம். ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துபவர்களும் நாமே. மறுநாள் அளவு கூடியதும் ‘நாக்கைக் கட்டத் தெரியாதா?’ என்று கடிபவர்களும் நாமே. இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர் என்ன செய்வார்? அடுக்களையில் யாருமில்லாத நேரம் பார்த்து உண்பார். பெண்மக்களுக்கு இன்னும் ஒரு சுமை உண்டு. மணமாகாத பெண்ணுக்கு நீரிழிவென்றால் குடும்பமே சேர்ந்து மறைக்கிறது. மறைக்கும் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளவும் ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஊசி தவறுவதும் அங்கேதான்.

ரமலான் மாதத்தையும் ஈண்டு குறிப்பிடாமலிருக்க முடியாது. 2001இல் 13 நாடுகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகை நோயாளிகளிலும் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் குறைந்தது 15 நோன்புகளை நோற்றது தெரியவந்தது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும் நிகழ்ச்சிகள் அம்மாதத்தில் பன்மடங்கு கூடின. நோயாளியும் பயணியும் வேறு நாள்களில் நோற்கலாம் என்ற சலுகையைத் திருக்குர்ஆனே அல்பகரா அத்தியாயத்தில் வழங்கியிருக்க, அதனை ஏற்கத் தயங்குவதற்குப் பக்தி ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியுமா? நோன்பு வைக்காதவர் நோயாளி என்று வெளிப்பட்டுவிடும் என்ற கூச்சமும் அங்கே மறைந்திருக்கலாம். நோற்பதா, விடுவதா என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதே முறை. அதற்கு முதற்படி, கேட்பதற்குக் கூச்சமில்லாத வீடு.

வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். நோயாளியின் மறுப்பும் மறைப்பும் அவருடைய ஒழுக்கக் குறைவுகள் அல்ல. அஞ்சிய மனத்தின் கேடயங்கள். கேடயத்தைப் பறிக்க முயன்றவர்கள் யாவரும் தோற்றார்கள். அச்சம் குறைந்த இடத்தில் அது தானே தாழ்ந்தது. ‘இன்று என்ன தின்றீர்கள்?’ என்று உம்மாவிடம் கேட்கும் பிள்ளைகள், ஒரு நாளேனும் ‘இந்த நோயோடு இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது, உம்மா?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். முதலில், ‘எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற மறுமொழிதான் வரும். அவசரப்படாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அடுக்களையில் ஒளிந்து தின்றதைச் சினமின்றிக் கேட்க ஒருவர் இருந்தால், அதனை மருத்துவரிடம் சொல்லும் துணிவும் அவருக்கு வரும். மருந்தின் அளவைச் சரியாக வகுக்க மருத்துவருக்கு அந்த உண்மை கட்டாயம் வேண்டும்.